ஆறு நிமிடம் பிடித்து நின்றவர்

தூண் அண்ணனை நான் முதலில் பார்த்தது, என் மேசை படிக்கட்டு வளைவில் சிக்கிக்கொண்ட அன்று.

வேலைக்குச் சேர்ந்த மறுமாதம் மாடியில் ஒற்றை அறை பிடித்திருந்தேன். என் சம்பளத்தில் வாங்கிய முதல் சாமான் அந்த மேசைதான். மூன்று இழுப்பறை, மேலே பச்சை ரெக்சின். பிள்ளை பட்டம் வாங்கிவிட்டான் என்று ஊரில் வீடு வீடாகப் போய்ச் சொன்ன என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எழுதுவதற்கென்றே ஒரு மேசை எங்கள் வம்சத்தில் அதற்கு முன் யாருக்கும் இருந்ததில்லை. வண்டிக்காரர் அதை வாசலில் இறக்கிவிட்டு, "மாடிக்கெல்லாம் நாங்க வர மாட்டோம்" என்று போய்விட்டார். பக்கத்துக் கடைக்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். படி திரும்புகிற இடத்தில் அது மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றுவிட்டது.

கீழ் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் ஆரம்பத்திலிருந்தே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அகலமான தோள், கட்டைக் கழுத்து, ஐம்பதை ஒட்டிய வயது.

"காலைத் திருப்புங்க," என்றார்.

நான் என் காலைத் திருப்பினேன்.

"உங்க காலை இல்ல சாமி, டேபிள் காலை!"

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் மேசை ஒரு படி இறங்கிச் சுவரில் கீறியது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவர் எழுந்து வந்தார் என்று நினைக்கிறேன். கடைக்காரரை ஒதுக்கிவிட்டுக் கீழ்ப்பக்கம் தோளைக் கொடுத்தார். "நீங்க தூக்க வேணாம் தம்பி. சும்மா பிடிச்சுக்குங்க. எங்க திரும்பணும், எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு இங்கருந்து ஒண்ணும் தெரியாது."

சொன்னேன். இரண்டே நிமிடத்தில் மேசை அறைக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் படுக்கையைவிட்டு எழவில்லை.

நான்காம் நாள் காலை அவர் மனைவி என் கதவைத் தட்டினார். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, கூடவே போய்வருகிற வேலை அவருக்கு. கழுத்தில் விசில் தொங்கியது.

"நல்லா குடி வந்தீங்க தம்பி! முதுகு போயி வீட்டுல உட்கார்ந்திருக்கிற மனுசன். ஒரு குடம் தண்ணி தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க டேபிளைத் தூக்க வெச்சிருக்கீங்க!"

"எனக்குத் தெரியாதுக்கா. நான் கூப்பிடவே இல்லை, அவரேதான்..."

"கூப்பிடாமலே வருவாரு. கூப்பிட்டா, பாடையில இருந்துகூட எழுந்து வருவாரு."

தூண் அண்ணன், வீடு மாற்றித் தருகிற ஒரு கம்பெனியில் இருபத்து நான்கு வருடம் சாமான் தூக்கியவர். தூண் என்பது அங்கே வைத்த பெயர். அந்த வேலையில் எல்லாமே ஜோடிக்கணக்குதான். படிக்கட்டில் பீரோவின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி, பின்பக்கமாகவே படியேறுகிறவன் மேலாள். அடியில் நின்று தாங்கிக்கொண்டு வருகிறவன் கீழாள். ஏறினாலும் இறங்கினாலும் பாரம் கீழாள் மேல்தான் சரியும். பீரோவின் முதுகு அவன் மூக்கை ஒட்டி நிற்பதால் அவனுக்குப் படி தெரியாது, சுவர் தெரியாது. மேலாளின் குரல்தான் அவனுக்குக் கண்.

தூண் அண்ணன் கீழாள். அவருடைய மேலாள், அவர் மனைவியின் தங்கையைக் கட்டியவர். சகலை. கத்திக்கொண்டே ஏறுவதால் கம்பெனியில் அவருக்கு மைக் என்று பெயர். அவரை வேலையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதே தூண் அண்ணன்தான்.

"பேருலயே அவன் மேலாளு, நான் கீழாளு. பிறந்தப்பவே எழுதி வெச்சுட்டாங்க," என்பார்.

இருவருக்கும் ஒரே வருடத்தில் முதுகு போயிற்று. உடம்பு முடியாமல் போன தொழிலாளிகளுக்குத் தருகிற உதவித்தொகைக்கு இருவரும் ஒன்றாக விண்ணப்பித்தார்கள். நான் குடிவந்த அடுத்த மாதம் ஒரே நாளில் இருவருக்கும் மருத்துவப் பரிசோதனை நடந்தது. மைக்குக்கு இரண்டு வருடத்துக்கு உதவித்தொகை என்று கடிதம் வந்தது. தூண் அண்ணனுக்கு வந்த கடிதத்தை, விசிலோடு படியேறி வந்து, அவர் மனைவி என் மேசைமேல் வைத்தார்.

"படிச்ச பிள்ளை. என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. அவரு படிச்சுச் சொன்னது சரியா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வந்திருக்கேன்."

தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கிற கம்பெனி எங்களுடையது. குறை சொல்லி வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. அதனால் 'இல்லை' என்பதை எத்தனை அழகாகச் சொல்ல முடியும் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் எழுதியவர் என்னைவிடக் கைதேர்ந்தவர். 'விண்ணப்பதாரர் பத்து கிலோ எடையுள்ள பெட்டியை, வலி குறித்து எவ்வித முறையீடும் இன்றி, ஆறு நிமிடங்கள் இடுப்புயரத்தில் ஏந்தி நின்றார். எனவே பணிக்குத் தகுதியுடையவராகக் கருதப்படுகிறார்.' ஆட்சேபம் இருந்தால், புதிய ஆதாரங்களுடன் முப்பது நாளுக்குள் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

கூடவே கம்பெனியிலிருந்தும் ஒரு துண்டுக் காகிதம் வந்திருந்தது. தகுதியுடையவர் என்று முடிவாகிவிட்டதால் இரண்டு மாதத்துக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் பெயர் நீக்கப்படும்.

"அப்ப, இது கிடைக்கலைன்னா திரும்பவும் பீரோவுக்கு அடியிலயா?" என்றார் அந்த அக்கா. "அடுத்த பீரோவை இறக்கும்போது அவரையும் சேர்த்து இறக்க வேண்டியதுதான்."

அன்று மாலை நான் கீழே இறங்கிப் போனேன். தூண் அண்ணன் வழக்கம்போல் வாசலில் இருந்தார். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் எதிர்ச் சாரியில் மைக் வீடு நேராகத் தெரியும். மைக் தன் வாசலில் புதிதாக வாங்கிய கைப்பிடி வைத்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒரு ஊன்றுகோல் சாத்தியிருந்தது.

"குச்சியைப் பார்த்தீங்களா தம்பி? அடியில ரப்பர் போட்டது. ஆபீஸ்லயே கொடுத்தாங்களாம். நடக்கிறப்ப ஊனுறானா பாருங்க. ஊன மாட்டான். சுழட்டுவான்."

"அவருக்கும் முதுகு போயிடுச்சுதானேண்ணே?"

"யாரு இல்லைன்னா? அவனுக்கு மூணு எலும்பு தேஞ்சிருக்காம். எனக்கு ரெண்டுதானாம். பாரம் பூரா எனக்கு, தேய்மானம் மட்டும் அவனுக்குக் கூடவா? படம் எடுத்தவன் அவனுக்கு வேண்டியவனா இருப்பான்."

எலும்பு தேய்ந்ததற்குப் பொறாமைப்படுகிற மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. அவருக்கு எல்லாவற்றிலும் எரிந்தது. தெருவில் போகிறவர்கள் முதலில் மைக்கிடம் நின்று "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பதற்கு எரிந்தது. மைக் எழுந்திருக்கும்போது "அம்மா" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுவதற்கு அதைவிட எரிந்தது. "அந்தச் சத்தம் எனக்கு வராது. வந்திருந்தா எனக்கும் கிடைச்சிருக்கும்" என்றார்.

"ஆறு நிமிஷம் ஏண்ணே பிடிச்சீங்க? முடியலைன்னா கீழே வைக்க வேண்டியதுதானே?"

"அந்த டாக்டரம்மா 'பிடிங்க'ன்னு சொல்லிட்டு கம்ப்யூட்டர்ல தட்டிக்கிட்டே இருக்காங்க. வைக்கச் சொல்லவே இல்ல."

"முடியாதப்ப நீங்களா வைக்கணும். அதுதான் பரிசோதனையே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க மேல நிக்கிறீங்க. பீரோவோட மறுமுனை உங்க கையில. நான் பாட்டுக்கு முடியலைன்னு விட்டா உங்க விரலு என்ன ஆகும்? காலு என்ன ஆகும்? மேலாளு 'வை'ன்னு சொல்லணும். அதுக்கு முன்னாடி வெச்சவன் கீழாளு இல்ல, கொலைகாரன்."

"அங்க மேல யாருமே இல்லையேண்ணே."

"அது கைக்குத் தெரியுமா?"

தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே அவரே சொன்னார்: "கண்ணுல பூச்சி பறந்துச்சு தம்பி. ஆனா எனக்கு முன்னாடி உள்ள போனவன் இருபது எண்றதுக்குள்ள வெச்சுட்டு வந்து, 'நான் வெச்சுட்டேன் சகலை'ன்னு பரிசு வாங்கின மாதிரி சொல்றான். அவனைவிட ஒரு நிமிஷமாவது கூடப் பிடிக்கணும்னு தோணாதா?"

மறு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். படிவத்தில் முப்பத்தெட்டுக் கேள்விகள். முதல் கேள்விக்கே தகராறு.

"நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்று படித்தேன்.

"அவன் எவ்வளவு எழுதினான்?"

"அது நமக்கு எதுக்குண்ணே?"

"நூறடின்னு எழுதினானாம். எனக்கு எண்பது போடுங்க."

"உண்மையில எவ்வளவு நடப்பீங்க?"

யோசித்தார். "நாற்பதுக்கே நின்னுருவேன்."

இப்படித்தான் முப்பத்தெட்டுக் கேள்வியும் போயிற்று. போட்டிக்குச் சொன்னதைவிட உண்மை ஒவ்வொரு முறையும் மோசமாக இருந்தது. சட்டையைத் தலைவழியாக மாட்ட முடியாது. செருப்பைக் காலால் தேடித்தான் போட முடியும். குனிந்து எதையும் எடுக்க முடியாது. நான் ஒவ்வொன்றையும் முறையான வாக்கியமாக்கி எழுதினேன். 'அன்றாடக் கடமைகளைப் பிறர் உதவியின்றி நிறைவேற்ற இயலாத நிலையில்' என்று தொடங்குகிற இரண்டு பக்க விளக்கத்தைத் தனித்தாளில் எழுதி இணைத்தேன். கல்லூரியில் கற்றதற்கு இதுதான் பலன் என்று எனக்கே தோன்றிய விளக்கம் அது.

கடைசிப் பக்கத்தில் முட்டுக்கட்டை. விண்ணப்பதாரரோடு ஒரே வீட்டில் வசிக்காத, அவர் வேலை செய்வதை நேரில் கண்ட ஒருவரின் வாக்குமூலம் வேண்டும்.

"உங்க சூப்பர்வைசர்?"

"அவரு லாரியிலயே உட்கார்ந்திருப்பாரு. நான் எத்தனை படி ஏறினேன்னு அவருக்கு என்ன தெரியும்?"

"அப்ப யாருக்குத் தெரியும்?"

இருவரும் ஒரே நேரத்தில் எதிர் வீட்டைப் பார்த்தோம்.

"அவன்கிட்ட நான் கேக்க மாட்டேன்," என்றார் தூண் அண்ணன். "பிச்சை எடுத்தாலும் எடுப்பேன்."

இரண்டு நாள் கழித்து அவரே மாடிக்கு வந்தார். பதினெட்டுப் படி. மூச்சு வாங்க என் கட்டிலில் உட்கார்ந்தவர், கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒரு கடுதாசி எழுதணும். பேர் போடாம."

"மொட்டைக் கடிதாசியா?"

"ஏதோ ஒரு பேரு. உதவித்தொகை ஆபீஸுக்கு. எதிர் வீட்டுல ஒருத்தன் முதுகு போச்சுன்னு நடிச்சுப் பணம் வாங்குறான். நேத்துக் காலையில காஸ் சிலிண்டரை வாசல்லருந்து உள்ள கொண்டுபோனான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். எழுதுங்க."

எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பேனாவை எடுத்தேன். "எப்படித் தூக்கினாரு? தோள்லயா, இடுப்புலயா?"

"தோள்ல எப்படித் தூக்குவான்? சாய்ச்சு, அடி விளிம்பு மேல நிறுத்தி, காலால தள்ளித் தள்ளி..."

"உருட்டினாரா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப 'உருட்டினார்'னு எழுதவா?"

"உருட்டினதுக்கு யாரு தம்பி பணத்தை நிறுத்துவாங்க?"

"'தூக்கினார்'னு எழுதிடவா?"

அவர் முகம் சுருங்கிற்று. பொய் சொல்கிறோமே என்ற கூச்சம் அல்ல அது. தூக்காததைத் தூக்கியதாகச் சொல்வது அவர் தொழிலுக்கே அடுக்காது. அதிலும், அந்தப் பெருமையை மைக்குக்கு அவர் எப்படிக் கொடுப்பார்? "அவனாவது தூக்குறதாவது! காலி சிலிண்டரைக்கூட அவனால தூக்க முடியாது" என்றார். பிறகு தான் சொன்னது தனக்கே காதில் விழுந்ததுபோல் எழுந்து, "கிழிச்சுப் போடுங்க" என்று படியிறங்கினார்.

அவர் மனைவிக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் கையில் ஒரு சட்டையைக் கொடுத்தார். "மாட்டுங்க. தங்கச்சிகிட்டச் சொல்லிட்டேன். நீங்களும் வாங்க தம்பி, பேனாவோட."

"நான் போக மாட்டேன்னா?"

"நாளையிலருந்து நான் தூக்குறேன் பீரோ. நீங்க வேன்ல போய் விசில் ஊதுங்க."

மைக் வீட்டுக் கூடம் சின்னது. கைப்பிடி நாற்காலி இப்போது உள்ளே வந்திருந்தது. அதன்முன் கால் வைக்க ஒரு தலையணை. கொழுந்தியாள் டீ கொண்டுவந்தார். "எதிர் வீட்டுக்கு வர ஒன்றரை மாசம் ஆச்சா மாமா?" என்றார். தூண் அண்ணன் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார்.

"அதுல உட்காராத சகலை," என்று மைக் சுவரோரமிருந்து குரல் கொடுத்தார். "அது முதுகு போனவன் சேரு."

"எனக்கும் முதுகு போயிருக்கு."

"அப்படின்னு நீ சொல்ற. கவர்மெண்டு இல்லைங்குதே!"

தூண் அண்ணன் திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார். கொழுந்தியாள் டீத்தட்டோடு வழியை மறித்துக்கொண்டார். "குடிச்சிட்டுப் போங்க மாமா. சண்டை போடுறதுன்னாலும் தெம்பு வேணும்ல?"

நான் விஷயத்தைச் சொன்னேன். மைக் கேட்டுக்கொண்டார். சுழற்றாமல், உண்மையிலேயே ஊன்றித்தான் ஸ்டூல்வரை நடந்து வந்தார்.

"எழுதித் தரேன். ஆனா ஒண்ணு. கம்பெனில இவனைத் தூண்னாங்க. என்னை என்னன்னாங்க? மைக். பாரம் அவனுக்கு, சத்தம் எனக்கு. வீட்டுக்காரங்க டீ போட்டா முதல் கிளாஸ் யாருக்கு? 'ஐயோ பாவம், அந்த அண்ணனுக்குக் கொடுங்க'ம்பாங்க. இருபது வருசத்துக்கு மேல குனிஞ்சு பின்னாடியே ஏறினேனே, என் முதுகை எவனாவது பார்த்தானா?"

"ஒரு கிளாஸ் டீக்கா இத்தனை வருசம் எரிஞ்ச?"

"நீ ஒரு சேருக்கு எரியலையா?"

நான் படிவத்தை எடுத்தேன். "பாதிப்பு எப்போது, எவ்வாறு தொடங்கியது? போன தடவை அண்ணன், வீட்டுல குளியலறையில வழுக்கி விழுந்ததுன்னு எழுதியிருக்காரு. அதையே போட்டுடலாமா?"

மைக் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "அவன் குளியலறையில விழல தம்பி."

"சகலை," என்றார் தூண் அண்ணன்.

"மூணாவது மாடி. இரும்பு பீரோ. மேல போயிட்டோம். கடைசி நாலு படி பாக்கி. அந்த வீட்டு அம்மா வந்து, இந்த ரூமா அந்த ரூமான்னு யோசிக்கிறாங்க. நான் பெரிய இவனாட்டம், ஜன்னல் இந்தப் பக்கம் இருக்கு, வெயில் படும், கட்டிலை அங்க போடுங்கன்னு யோசனை சொல்லிக்கிட்டு நிக்கிறேன். என் முனையை மேல்படியில சாய்ச்சு வெச்சுட்டேன், எனக்குப் பாரமே தெரியல. கீழ ஒருத்தன் தாங்கிட்டு நிக்கிறான்னே மறந்துபோச்சு. மூணு நிமிஷம். அப்புறம்தான் 'வை'ன்னேன். வெச்சான். வெச்சவன் நிமிரல."

தூண் அண்ணன் மனைவி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவருக்கும் இது புதிது.

"லாரிக்கு வந்ததும் சூப்பர்வைசர் கேட்டாரு. காலையில வீட்டுலயே வழுக்கி விழுந்தேன்னுட்டான். நான் சொல்லச் சொல்லல. என் வேலை போயிரக் கூடாதுன்னு அவனாவே சொன்னான். எழுதுங்க தம்பி. எல்லாத்தையும் எழுதுங்க."

"எழுத வேணாம்," என்றார் தூண் அண்ணன். அவர் குரலில் அத்தனை கோபத்தை நான் கேட்டதில்லை. "அது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

"நம்ம ரெண்டு பேருக்குள்ள எங்க இருந்துச்சு? நீ ஒருத்தனேதான் வெச்சிருந்த. என்னைப் பார்க்கிறப்ப எல்லாம் அதைக் கண்ணால எடுத்துக் காட்டிட்டு, பத்திரமா உள்ள வெச்சுக்குவ. எனக்குத் தெரியாதா?"

நான் எழுதினேன். மைக் சொன்னபடியே, என் பாணி எதையும் கலக்காமல், அரைப் பக்கம். அவர் கையெழுத்துப் போட்டார்.

திரும்பத் தெருவைக் கடக்கும்போது தூண் அண்ணன் நடுவில் ஒருமுறை நின்றார். சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்து ஒதுங்கிப் போனார்.

"பார்த்தீங்களா தம்பி. அவனுக்கு மேல என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதையும் அவனே வெளிய சொல்லிட்டு, இப்ப நல்லவனாயிட்டான்."

பரிசோதனைக்கு நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். இந்த முறை வேறு டாக்டர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். எடை பார்க்கும் இயந்திரம், உயரம் அளக்கும் பலகை. மூலையில் அந்தப் பெட்டி, பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டால் பத்து என்று எழுதியிருந்தது. தூண் அண்ணன் உள்ளே நுழைந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் என் இரண்டு பக்க விளக்கத்தை அப்படியே புரட்டிவிட்டார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. மைக்கின் அரைப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். எனக்கும் கொஞ்சம் எரிந்தது என்பதை மறைப்பானேன்?

"போன தடவை குளியலறைன்னு சொல்லியிருக்கீங்க. இதுல வேற மாதிரி இருக்கு. எது உண்மை?"

தூண் அண்ணன் மூலையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். இது உண்மை என்றால், சகலை புண்ணியத்தில் உதவித்தொகை வாங்கியவர் என்று காலம் முழுக்க இருக்க வேண்டும். பொய் என்றால் மைக் பொய்க் கையெழுத்துப் போட்டவர் ஆவார், இவர் முதல் தேதி பீரோவுக்கு அடியில் இருப்பார். இரண்டாவதில் அவருக்கு ஒரு நொடி ஆசை வந்ததை நான் அவர் முகத்தில் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

"அவர் எழுதினது உண்மையா?" என்று டாக்டர் மறுபடி கேட்டார்.

"உண்மைதான் சார். ஆனா மூணு நிமிஷம்னு எழுதியிருக்கான். நாலு."

"யார் எண்ணினது?"

"தாங்கிட்டு நின்னவன் எண்ண மாட்டானா சார்? அவன் கட்டில் போட இடம் காட்டிக்கிட்டிருந்தான்."

டாக்டர் சிரிக்கவில்லை. 'மூன்று' என்பதன் பக்கத்தில் எதையோ எழுதினார். "போன தடவை இந்தப் பெட்டியை ஆறு நிமிஷம் பிடிச்சீங்களே, அடுத்த நாள் எப்படி இருந்தீங்க?" என்று கேட்டார். அதை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை, படிவமும் கேட்கவில்லை.

"அடுத்த நாளா? ஒன்பது நாள் சார். ஒருத்தர் பிடிச்சுத்தான் கக்கூசுக்கே போனேன்."

"யார் பிடிச்சாங்க?"

"வீட்டுக்காரி. அவ வேன்ல போயிட்டா..." நிறுத்தினார். பிறகு, கசப்பு மருந்தை ஒரே வாயில் விழுங்குகிறவர்போல், "சகலைதான்" என்றார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. நான்தான் பிரித்துப் படித்தேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டது, ஒரு வருடத்துக்கு உதவித்தொகை, அதன்பின் மறு பரிசோதனை. அவர் மனைவி கழுத்திலிருந்த விசிலை எடுத்து அங்கேயே ஊதினார். எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

"அவனுக்கு எத்தனை வருசம்?" என்று கேட்டார் தூண் அண்ணன், தெரிந்தும்.

"ரெண்டுண்ணே."

"அதானே."

இப்போதும் அவர் அதே கீழ் வீட்டில்தான் இருக்கிறார். கம்பெனி அவர் பெயரை எடுத்துவிட்டது. காலையில் நாற்பதடி நடக்கிறார், மாலையில் நாற்பதடி. ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர் வீட்டில் டீ. அவர் மறு பரிசோதனைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. மைக்குக்கு ஒரு வருடமும் நான்கு மாதமும் இருக்கிறது. இதை வாரத்துக்கு இரண்டு முறையாவது என்னிடம் சொல்லிவிடுகிறார்.